கேட்டால்தான் சொல்லும்: தொழிற்சாலைக் கருவியோடு ஒரு மென்பொருள் பேசுவது எப்படி?

"கனெக்ட் ஆயிடுச்சு சார், ஆனா வேல்யூ தப்பா வருது." கருவிகளைக் கணினியோடு இணைக்கும் வேலையில் இருப்பவர்கள் இதைப் பலமுறை கேட்டிருப்பார்கள். பலமுறை அவர்களே சொல்லியும் இருப்பார்கள். இந்த 'கனெக்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. கேபிள் மாட்டி இரண்டு பக்கமும் விளக்கு எரிவது ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே மொழியில் பேசிக்கொள்வது இன்னொன்று. வந்து சேர்ந்த எண்ணை நாம் சரியாகப் புரிந்துகொள்வது மூன்றாவது. புதிதாக வருபவர்கள் முதல் இரண்டுக்குத்தான் பயப்படுவார்கள். ஆனால் நாள் கணக்கில் நேரத்தைத் தின்பது மூன்றாவதுதான்.

மின்சார மீட்டர், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டார் டிரைவ், பி.எல்.சி. என்று தொழிற்சாலைக் கருவிகள் பலவகை. (பி.எல்.சி. என்பது இயந்திரங்களை ஓட்டுவதற்கென்றே செய்த சின்னக் கணினி.) அவை பேசும் மொழிகளும் பல. ஒன்றை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும் என்பதால், இங்கே மாட்பஸ் என்ற மொழியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பி.எல்.சி.களுக்காக உருவாக்கியது. அதன் பிறகு எத்தனையோ புது மொழிகள் வந்தும், இன்று வாங்கும் புது மீட்டரிலும் அது இருக்கிறது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அது ரொம்ப எளியது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

கிளையன்ட் யார், சர்வர் யார்?

முதல் குழப்பமே இங்கேதான். சர்வர் என்றவுடன் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் பெரிய பெட்டிகள்தான் நினைவுக்கு வருகின்றன. கிளையன்ட் என்றால் நம் மேசையில் இருக்கும் சின்னக் கணினி. தொழிற்சாலையில் இது தலைகீழ். சுவரில் திருகி மாட்டிய, உள்ளங்கை அளவு மீட்டர்தான் சர்வர். ஆலை முழுவதையும் திரையில் காட்டும் பெரிய கணினி கிளையன்ட்.

அளவுக்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை. கேட்பவர் கிளையன்ட், பதில் சொல்பவர் சர்வர். அவ்வளவுதான். வெப்பநிலை எவ்வளவு என்று தெரிந்து வைத்திருப்பது கருவி, எனவே அது சர்வர். தெரிந்துகொள்ள விரும்புவது நம் மென்பொருள், எனவே அது கிளையன்ட். பழைய மேனுவல்களில் இதையே மாஸ்டர், ஸ்லேவ் என்று எழுதியிருப்பார்கள். 2020-இல் மாட்பஸ் அமைப்பே அந்தச் சொற்களைக் கைவிட்டு கிளையன்ட், சர்வர் என்று மாற்றிக்கொண்டது. பழைய மேனுவலைப் படிக்கும்போது மாஸ்டர் என்று வந்தால் கிளையன்ட் என்று மனதுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று பிறக்கிறது: மாட்பஸில் கருவி தானாக வாய் திறக்காது. "மீட்டர் அலாரம் அனுப்பியது" என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அது நடக்கவே நடக்காது. அலாரம் வந்ததா என்று கிளையன்ட் திரும்பத் திரும்பக் கேட்கிறது. வந்தது என்று ஒருமுறை பதில் கிடைக்கிறது. பத்து நொடிக்கு ஒருமுறை கேட்கும் கிளையன்ட், நடுவில் இரண்டு நொடி மட்டும் எரிந்து அணைந்த அலாரத்தைப் பார்க்கவே பார்க்காது, கருவியே அதை நினைவில் வைத்திருந்தால் ஒழிய.

ஸ்டோர் ரூம் ஜன்னல்

கருவிக்குள் என்ன இருக்கிறது என்பதை இப்படி நினைத்துப் பாருங்கள். ஒரு ஸ்டோர் ரூம். உள்ளே வரிசையாக எண் போட்ட பெட்டிகள். வெளியே ஒரு சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு ஸ்டோர் கீப்பர். உங்களை உள்ளே விடமாட்டார். சீட்டில் எழுதி நீட்டினால்தான் வேலை நடக்கும். "100-ஆம் பெட்டியிலிருந்து தொடங்கி ஒரு பெட்டி, உள்ளே இருப்பதைப் படித்துச் சொல்." அவர் போய்ப் பார்த்து, "279" என்று எழுதி நீட்டுவார்.

279 என்றால் என்ன? வெப்பநிலையா, அழுத்தமா, மூட்டைகளின் எண்ணிக்கையா? அவருக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டார். பெட்டி எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் மட்டும்தான் அவர் உலகம். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்ற பட்டியல் தனியாக, கருவியின் மேனுவலில் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு ரிஜிஸ்டர் மேப் என்று பெயர். ரிஜிஸ்டர் என்பது அந்தப் பெட்டிதான். ஒரு ரிஜிஸ்டரில் 0 முதல் 65,535 வரை ஏதாவது ஒரு முழு எண் இருக்கலாம். இந்த எல்லைக்குக் காரணம், ஒரு பெட்டியின் அளவு 16 பிட். பிட் என்பது 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக ஒரு ரிஜிஸ்டர் இரண்டு பைட்.

ஆன், ஆஃப் என்று மட்டும் சொன்னால் போதும் என்கிற விஷயங்களுக்கு 16 பிட் வீண். அதனால் ஒற்றை பிட் பெட்டிகளும் உண்டு. அவற்றில் நாம் மாற்றக்கூடியதைக் காயில் என்கிறார்கள். அந்தக் காலத்து ரிலேவின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கம்பிச் சுருளிலிருந்து வந்த பெயர்.

ரிஜிஸ்டர்களிலும் இரண்டு வகை. நாம் படிக்கவும் மாற்றவும் முடிவது ஹோல்டிங் ரிஜிஸ்டர். படிக்க மட்டும் முடிவது இன்புட் ரிஜிஸ்டர். ஒற்றை பிட்டிலும் இதே பிரிவினைதான், படிக்க மட்டும் முடியும் பிட்டுக்கு டிஸ்கிரீட் இன்புட் என்று பெயர். ஆக மொத்தம் நான்கு அலமாரி. புது ஆட்களுக்குத் தினசரி வேலையில் தேவைப்படுவது பெரும்பாலும் ஹோல்டிங், இன்புட் ரிஜிஸ்டர்கள் இரண்டும்தான்.

இதுவரை பார்த்தது: கிளையன்ட் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். சர்வர் என்பது எண் போட்ட பெட்டிகளுக்குக் காவல் நிற்கும் ஆள். பெட்டிக்குள் இருப்பதன் அர்த்தம் நெட்வொர்க்கில் வராது, மேனுவலில்தான் இருக்கும்.

சீட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது

சரி, சீட்டு எழுதியாயிற்று. எந்த ஜன்னலில் நீட்டுவது?

மூன்று தகவல் வேண்டும். முதலாவது ஐபி முகவரி, நெட்வொர்க்கில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண், 192.168.1.50 என்பது போல. கட்டடத்தின் முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போர்ட், அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு என்பது. மாட்பஸுக்கென்று ஒதுக்கப்பட்ட கதவு 502. இது கண்ணுக்குத் தெரியும் துளை இல்லை, வெறும் எண். கேபிள் செருகும் இடத்தையும் போர்ட் என்றே சொல்வதால் குழப்பம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது யூனிட் எண். இது ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. மாட்பஸ் பிறந்தபோது ஈதர்நெட் (இன்று கணினிகளைக் கேபிளால் இணைக்கும் வழக்கமான முறை) தொழிற்சாலைக்கு வரவில்லை. ஒரே கேபிளில் பல கருவிகளைக் கோத்து, 1 முதல் 247 வரை ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். அந்தக் கேபிள் முறைகளில் இன்றும் பரவலாக இருப்பது ஆர்எஸ்-485. 1999-இல் மாட்பஸ் டிசிபி வந்தது. (டிசிபி என்பது இணையம் முழுவதும் பயன்படும் நம்பகமான அஞ்சல் முறை. அனுப்பியது வரிசை மாறாமல், விட்டுப்போகாமல் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும்.) பழைய கேபிளில் இருக்கும் கருவிகளை ஈதர்நெட்டோடு இணைக்க நடுவில் கேட்வே என்ற பெட்டியை வைப்பார்கள். கேட்வேக்கு ஒரே ஐபி முகவரி. அதன் பின்னால் 20 மீட்டர் இருக்கலாம். அந்த 20-இல் எது என்று சொல்வதற்குத்தான் யூனிட் எண். நேராக ஈதர்நெட்டில் இருக்கும் கருவிகளில் பல இதைக் கண்டுகொள்வதே இல்லை. சில கருவிகள் மட்டும் 1 அல்லது 255 என்று போட்டால்தான் பேசுவேன் என்று அடம்பிடிக்கும்.

பிங் செய்து பார்த்துவிட்டு "நெட்வொர்க் ஓகே" என்று சொல்வது உண்டு. பிங் என்பது அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்ப்பது. அதற்குப் பதில் வந்தால் கட்டடம் இருக்கிறது என்று அர்த்தம். 502-ஆம் கதவு திறந்திருக்கிறதா, உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. கேட்வே பிங்குக்கு அழகாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், பின்னால் இருக்கும் மீட்டரின் வயர் கழன்று தொங்கினாலும்.

ஒரு கேள்வி, ஒரு பதில்

இப்போது உண்மையில் கம்பியில் என்ன போகிறது என்று பார்த்துவிடலாம். பயப்பட ஒன்றுமில்லை, மொத்தமே 12 பைட்தான். அறை வெப்பநிலையை அளக்கும் ஒரு கருவியிடம் நம் கிளையன்ட் அனுப்பும் முழுக் கேள்வி இது:

00 07 00 00 00 06 01 03 00 64 00 01

இவை பதினாறின் அடிப்படையில் எழுதிய எண்கள். நம் வழக்கத்தில் 64 என்றால் 6 பத்தும் 4 ஒன்றும். இங்கே 6 பதினாறும் 4 ஒன்றும், அதாவது 100. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இடமிருந்து படிப்போம்.

00 07 என்பது டோக்கன் எண். இது ஏழாவது கேள்வி. பதிலிலும் இதே எண் வரவேண்டும், அப்போதுதான் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கிளையன்ட்டுக்குத் தெரியும். அடுத்த 00 00, இது மாட்பஸ்தான் என்பதற்கு அடையாளம், எப்போதும் பூஜ்யம். 00 06, இதற்குப் பிறகு இன்னும் ஆறு பைட் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள், சரியாக ஆறு இருக்கும். 01 யூனிட் எண். 03 என்பது வேலை எண், அதாவது என்ன செய்யவேண்டும் என்ற கட்டளை. 3 என்றால் ஹோல்டிங் ரிஜிஸ்டரைப் படி. 00 64, பெட்டி எண் 100. கடைசி 00 01, ஒரே ஒரு பெட்டி போதும்.

கருவி தரும் பதில் 11 பைட்:

00 07 00 00 00 05 01 03 02 01 17

முதல் பகுதி நமக்கே தெரியும். அதே டோக்கன் 7, இன்னும் 5 பைட் பாக்கி, யூனிட் 1, வேலை எண் 3. அப்புறம் வரும் 02, தகவல் இரண்டு பைட் என்கிறது. அந்த இரண்டு பைட் 01 17. கணக்குப் போட்டால் 256 + 16 + 7, மொத்தம் 279.

இவ்வளவுதான் உரையாடல். பெரிய ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் நூறு எண்கள் மாறிக்கொண்டிருக்கும் ஸ்காடா திரை இருக்கிறதே (ஆலை முழுவதையும் ஓரிடத்திலிருந்து கண்காணித்து இயக்கும் மென்பொருளுக்கு அப்படிப் பெயர்), மாட்பஸில் அது செய்வதும் இதேதான். இதையே இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதிலில் "வெப்பநிலை" என்ற சொல் எங்கேயாவது இருந்ததா? டிகிரி என்று இருந்ததா? இல்லை. அதனால்தான் மூன்றாவது காரியம் கடினம் என்று ஆரம்பத்தில் சொன்னேன்.

40101 என்பது 100 ஆன கதை

மேனுவலைத் திறந்தால் "அறை வெப்பநிலை: 40101" என்று போட்டிருக்கும். நாம் அனுப்பியதோ 100. ஏன்?

முன்னால் இருக்கும் 4 அலமாரியின் பெயர். 4 என்று தொடங்கினால் ஹோல்டிங் ரிஜிஸ்டர், 3 என்று தொடங்கினால் இன்புட் ரிஜிஸ்டர், 1 டிஸ்கிரீட் இன்புட், 0 காயில். இந்த 4 கம்பியில் போவதே இல்லை, அதன் வேலையை வேலை எண் பார்த்துக்கொள்கிறது. இதில் ஒரு குறும்பு: 4-இல் தொடங்கும் ரிஜிஸ்டரைப் படிக்க வேலை எண் 3, 3-இல் தொடங்குவதைப் படிக்க வேலை எண் 4. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் ஒவ்வொரு புது ஆளும் ஒருமுறை இதில் விழுவார்.

4-ஐக் கழற்றினால் 101. மனிதர்கள் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள், கம்பியில் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள். எனவே 101-ஆவது பெட்டியின் முகவரி 100. தொல்லை என்னவென்றால் எல்லா மேனுவலும் இப்படி எழுதுவதில்லை. சிலர் நேரடியாக 100 என்றே போடுவார்கள். சிலர் 101 என்று போட்டுவிட்டு எதிலிருந்து எண்ணினோம் என்று சொல்லமாட்டார்கள். கிளையன்ட் மென்பொருள்களும் அப்படியே. சிலவற்றில் 40101 என்று கொடுத்தால் அதுவே கழித்துக்கொள்ளும். சிலவற்றில் நாம் கழித்துக் கொடுக்கவேண்டும். கழித்த பிறகு அதுவும் ஒருமுறை கழித்தால் 99 ஆகிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். மேலே சொன்னது போல ஒரு அறை, ஒரு கருவி. கழிக்க மறந்து 101 என்று கொடுத்துவிட்டேன். பிழை ஏதும் வரவில்லை. திரையில் 28.0 டிகிரி. கருவியின் முகப்பில் 27.9. ஒரு புள்ளி வித்தியாசம் தானே, ரவுண்டிங் பிழையாக இருக்கும் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். மறுநாள் போன்: "கதவு ஒரு மணி நேரமா தொறந்து கெடக்கு, உங்க ஸ்கிரீன்ல மட்டும் 28.0 நகரவே மாட்டேங்குது." எப்படி நகரும்? பக்கத்துப் பெட்டியில் இருந்தது அறையின் வெப்பநிலை இல்லை, அறை எந்த வெப்பநிலையில் இருக்கவேண்டும் என்று யாரோ அமைத்து வைத்த எண். அதற்கு செட் பாயின்ட் என்று பெயர். நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: எந்த எண்ணையும் ஒருமுறையாவது அசைத்துப் பார்க்காமல் நம்புவதில்லை. சென்சாரைக் கையால் மூடு, சுமையை ஏற்று, திரையில் அந்த எண் அசைகிறதா பார். கண்ணுக்குத் தெரியும் அபத்தமான எண்ணை உடனே திருத்திவிடலாம். நம்பும்படியான தப்பு எண் வருடக்கணக்கில் திரையில் குடியிருக்கும்.

வந்த எண்ணுக்கு உயிர் கொடுப்பது

279 எப்படி 27.9 ஆனது? ரிஜிஸ்டரில் முழு எண் மட்டும்தான் நிற்கும். அதனால் கருவி செய்தவர் வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி வைத்துவிட்டார். வாங்கியவர் பத்தால் வகுத்துக்கொள்ளவேண்டும். இதற்கு ஸ்கேல் என்று பெயர். மேனுவலில் "0.1" என்று ஒரு மூலையில் இருக்கும்.

குறை எண்களுக்கு வேறு சமாளிப்பு. பெட்டியில் 0-க்குக் கீழே இடமில்லை. எனவே மேல் பாதியைக் குறை எண்களுக்கு ஒதுக்குகிறார்கள்: 65,535 என்றால் -1, 65,534 என்றால் -2, இப்படிப் பின்னோக்கி. உறைநிலை அறையின் வெப்பநிலை திடீரென்று 6553.1 டிகிரி என்று காட்டினால் பதறவேண்டாம். 65,531 என்பது -5, பத்தால் வகுத்தால் -0.5 டிகிரி. கிளையன்ட்டில் 'குறி உள்ள எண்' என்ற அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

65,535-ஐத் தாண்டும் எண்கள் வந்தால்? இரண்டு பெட்டிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு மின் மீட்டர் 70,000 யூனிட் ஓடியிருக்கிறது என்று வையுங்கள். 70,000-இல் ஒரு 65,536 இருக்கிறது, மீதி 4,464. ஒரு பெட்டியில் 1, அடுத்ததில் 4,464. அழகான ஏற்பாடு. ஆனால் எது முதலில்? மாட்பஸ் விதிகள் ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பைட்டின் வரிசையைத்தான் தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு பெட்டிகளில் பெரிய பகுதி முன்னா பின்னா என்பதைச் செய்தவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நாம் தலைகீழாகச் சேர்த்தால் 70,000 யூனிட் 29,25,52,705 ஆகிவிடும். இவ்வளவு அபத்தமாக வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும்.

புள்ளி வைத்த எண்களை நேரடியாக அனுப்பும் கருவிகளும் உண்டு. அவையும் இரண்டு பெட்டி எடுத்துக்கொள்ளும், ஆனால் உள்ளே எழுதும் முறை வேறு. அதற்கு ஃப்ளோட் என்று பெயர். 230.0 வோல்ட் என்பதை அந்த முறையில் எழுதினால் இரண்டு பெட்டிகளிலும் இருப்பது 17,254, 0. முழு எண்ணாகப் படிப்பவர் முதல் பெட்டியைப் பார்த்து "மீட்டரில் கோளாறு" என்பார். ஃப்ளோட்டாகவே படித்தாலும் பெட்டிகளை மாற்றிப் போட்டால் பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ ஓர் எண் வரும். மீட்டர் செத்துவிட்டது என்று கழற்றி அனுப்பிவிடுவார்கள். ஒரு டிக் மார்க்கை மாற்றினால் தீர்ந்திருக்கும்.

இந்த இரண்டு பகுதிகளையும் திரட்டிச் சொன்னால்: ஓர் எண்ணைச் சரியாகப் படிக்க எந்த அலமாரி, எந்த முகவரி, எதிலிருந்து எண்ணியது, எத்தனை பெட்டி, குறி உண்டா, ஃப்ளோட்டா, எந்தப் பெட்டி முதலில், எத்தனையால் வகுக்கவேண்டும் என்ற எல்லாம் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்றுகூட நெட்வொர்க் வழியாக வராது.

மறுப்பு வேறு, மௌனம் வேறு

பதில் சரியாக வராதபோது 'எரர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எந்த மாதிரி எரர் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இல்லாத பெட்டியைக் கேட்டால் ஸ்டோர் கீப்பர் சும்மா இருக்கமாட்டார். இப்படி மறுத்து அனுப்புவார்:

00 07 00 00 00 03 01 83 02

வேலை எண் 03 இருந்த இடத்தில் 83. அதாவது "நீ கேட்ட 3-ஆம் வேலையைச் செய்ய முடியாது". கடைசி 02 காரணம்: அப்படி ஒரு முகவரி இல்லை. 1 என்றால் அந்த வேலையே எனக்குத் தெரியாது, 3 என்றால் நீ கொடுத்த அளவோ மதிப்போ ஏற்கத்தக்கதல்ல, 4 என்றால் முயன்றேன், எனக்குள்ளேயே கோளாறு. கேட்வே சில சமயம் 11 அனுப்பும் (கம்பியில் அது 0B). பின்னால் இருக்கும் கருவி பதில் தரவில்லை என்று அர்த்தம், அதாவது ஆர்எஸ்-485 வயரைப் போய்ப் பார்க்கவேண்டும்.

மறுப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள். கேபிள், ஐபி, போர்ட், மொழி எல்லாம் சரி என்று அதிலேயே தெரிந்துவிட்டது. திருத்தவேண்டியது சீட்டில் எழுதியதை மட்டும்.

மௌனம் வேறு. குறிப்பிட்ட நேரம் காத்திருந்தும் பதிலே வரவில்லை என்றால் டைம் அவுட் என்கிறோம். கருவி அணைந்திருக்கலாம், ஐபி தவறாக இருக்கலாம், நடுவில் ஃபயர்வால் (நெட்வொர்க்கில் யாரை விடுவது என்று பார்க்கும் காவல்) தடுக்கலாம், யூனிட் எண் பிசகியிருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு: கதவைத் தட்டியவுடனே "இங்கே யாருமில்லை" என்று முகத்தில் அடித்தாற்போல இணைப்பு மறுக்கப்படுவது. கட்டடம் இருக்கிறது, 502-ஆம் கதவில் ஆள் இல்லை. பெரும்பாலும் கருவியின் அமைப்பில் மாட்பஸை ஆன் செய்யாமல் விட்டிருப்பார்கள். சின்னக் கருவிகள் ஒரே நேரத்தில் ஓரிரு கிளையன்ட்டுகளை மட்டும் அனுமதிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். உங்கள் லேப்டாப்பில் திறந்து வைத்த சோதனை மென்பொருளே உண்மையான கிளையன்ட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

மௌனத்தை மென்பொருள் எப்படிக் காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே திரையில் விட்டுவைக்கும் மென்பொருள்கள் உண்டு. கருவி இரவே அணைந்திருக்கும், காலையில் வருபவர் நேற்றைய எண்ணைப் பார்த்துத் திருப்தியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். இதில் எனக்குச் சமரசமே கிடையாது: எண்ணுக்குப் பக்கத்தில் அது எப்போது வந்தது என்ற நேரம் இல்லாத திரை அரைகுறைத் திரை.

எத்தனை முறை கேட்பது?

சீரான இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் போலிங் என்று பெயர். வேகமாகக் கேட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆர்எஸ்-485 கேபிளில் வழக்கமான வேகம் நொடிக்கு 9,600 பிட். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் சேர்க்கும் பிட்களையும் கணக்கில் எடுத்தால் நொடிக்குச் சுமார் 870 பைட். அந்தக் கேபிளில் ஒரு ரிஜிஸ்டரைக் கேட்டுப் பதில் வாங்க 15 பைட் செலவு. 40 ரிஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கேட்டால் 600 பைட், அதோடு 40 முறையும் கருவி யோசிக்கும் நேரம். அடுத்தடுத்து இருக்கும் அந்த 40-ஐயும் ஒரே சீட்டில் கேட்டால் 93 பைட்டில் முடிந்துவிடும். ஒரே கேள்வியில் 125 ரிஜிஸ்டர் வரை கேட்க விதி இடம் தருகிறது.

மெதுவாக மாறும் அறை வெப்பநிலையை நொடிக்குப் பத்து முறை கேட்பதில் பயனில்லை. தொழிற்சாலையில் "நெட்வொர்க் ஸ்லோ" என்று புகார் வரும்போது நான் முதலில் பார்ப்பது கேபிளை அல்ல, யார் எதை எத்தனை முறை கேட்கிறார்கள் என்பதைத்தான்.

எழுதும்போது

வேலை எண் 3 படிக்கும். 6 ஒரு ரிஜிஸ்டரில் எழுதும், 16 பல ரிஜிஸ்டர்களில் எழுதும், 5 ஒரு காயிலை ஆன், ஆஃப் செய்யும். எழுதினால் மோட்டார் ஓடும், வால்வு திறக்கும், செட் பாயின்ட் மாறும். மேலே பார்த்த 12 பைட்டைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் எதற்காவது அதில் இடம் இருக்கிறதா? இல்லவே இல்லை. எழுதும் சீட்டும் இதே அமைப்புதான். 502-ஆம் கதவை எட்ட முடிந்த யாரும் எழுதலாம். 1979-இல் அது குற்றமில்லை, ஆலைக்குள் இருக்கும் ஒரு கேபிளைத் தாண்டி அந்த மொழி எங்கும் போகவில்லை. இன்று அந்தக் கதவை இணையத்துக்குத் திறந்து வைப்பது ஆலையின் சுவிட்சுகளைத் தெருவில் மாட்டி வைப்பதற்குச் சமம். பூட்டு வைத்த மாட்பஸும் 802 என்ற கதவில் வந்திருக்கிறது, ஆனால் ஏற்கெனவே சுவரில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் அதை அறியாதவை. எனவே கருவிகளின் நெட்வொர்க்கைத் தனியே பிரித்து, குறிப்பிட்ட கணினிகளை மட்டும் உள்ளே விடுவதுதான் நடைமுறை.

ஓபிசி யூஏ போன்ற பிந்தைய மொழிகளில் நிலைமை வேறு. அங்கே கருவி தன் பெட்டிகளுக்குப் பெயரும் வகையும் சேர்த்துச் சொல்லும், செய்தவர் போட்டு வைத்திருந்தால் டிகிரியா, வோல்ட்டா என்ற அலகையும் சொல்லும். மாறும்போது தெரிவி என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும், அதுவே தெரிவிக்கும். ஆளைச் சரிபார்த்து உள்ளே விடும் வசதியும் உண்டு. ஆனால் பல ஆலைகளில் அந்தப் பெயர்களுக்கு அடியில், கேட்வேக்குப் பின்னால், 100-ஆம் பெட்டியைக் கேட்கும் அதே பழைய சீட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கற்றுக்கொள்ள ஆலைக்குப் போகவேண்டியதில்லை. மாட்பஸ் சர்வர் போல நடிக்கும் சிமுலேட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கணினியிலேயே ஒன்றை ஓடவிட்டு, 127.0.0.1 என்ற முகவரியில் கிளையன்ட்டை இணையுங்கள். 502 கிடைக்காமல் அடம்பிடித்தால் இரண்டு பக்கமும் 5020 என்று வைத்துக்கொள்ளலாம். சிமுலேட்டரின் 100-ஆம் பெட்டியில் 279 போடுங்கள், 101-இல் 280. இப்போது கிளையன்ட்டில் 40101 என்று கேட்டுப் பாருங்கள். எது வருகிறதோ, அதிலிருந்து உங்கள் மென்பொருள் எதிலிருந்து எண்ணுகிறது என்று தெரிந்துவிடும்.